நீல வாசலில் என் கணவர் சொன்னது

என் கணவர் தாமிக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று வெளிநாட்டுக்காரர்களுக்கு. வீட்டுக் குரலில் மொத்தமே நாலைந்து வார்த்தைகள்தான்: டீ, செருப்பு, கதவைச் சாத்து, தூங்கலாம். மற்றக் குரலைக் கேட்க வேண்டுமானால் எங்கள் முற்றத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது வர வேண்டும். பெல்ஜியத்திலிருந்து வந்த கிழவியிடம், "இந்தப் படி கொஞ்சம் உயரம், என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்பார். அதே படியில் நான் மாவுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணமான நாளிலிருந்து ஏறி இறங்குகிறேன். எனக்கு மட்டும் அது உயரமில்லை போலிருக்கிறது.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஃபெஸ் நகரத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய நகரத்துச் சந்துகளைத் தாமி அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அவருடைய அப்பா தோல் பதனிடும் இடத்திலிருந்து கழுதையில் தோல் ஏற்றிப் போனவர். கழுதைக்கு முன்னால் ஓடி, "பாலாக்! பாலாக்!" என்று கத்தி ஆட்களை ஒதுக்குவதுதான் சின்ன வயதில் இவருடைய வேலை. ஒருநாள் வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியை வெளியே கொண்டுவந்து விட்டார். அவர்கள் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்களாம். அன்றோடு கழுதை போயிற்று. பெரியவனான பிறகும் அனுமதி வாங்காமல் வழிகாட்டித் திரிந்தவரைப் போலீஸ் ஒருநாள் துரத்த, எங்கள் தெரு ரொட்டி அடுப்புக்குள் ஓடி வந்து விறகுக்குப் பின்னால் ஒளிந்தார். அடுப்பு என் அப்பாவுடையது. ரொட்டிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்த நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னாரா? இல்லை. தின்றுவிட்டுப் போனார். மறுவாரம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அதையும் அவர் வாயால் கேட்கவில்லை.

இப்போது சட்டையில் பித்தளை வில்லை குத்தியிருக்கிறார். பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் வாங்கியது. அதைத் தினமும் எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார்.

அவருடைய பேரெல்லாம் நீல வாசல் பேச்சில்தான். நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் விருந்தாளிகளை அந்த வாசலில் நிறுத்தி, ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லுவார். மற்ற வழிகாட்டிகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள், நாளைக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளலாம் என்று. நான் அதைக் கேட்டதில்லை. பெண்டாட்டி போய் நின்று கேட்கிற விஷயமா அது? ஆனால் வருகிறவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தே என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்வேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார்கள். இடது கையை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள். பெரிய தட்டில் கூஸ்கூஸ் வந்தால் தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் உண்பார்கள், அடுத்தவர் பக்கம் கை நீளாது. கறி நடுவில் இருக்கும். அதை யாரும் தொட மாட்டார்கள், வீட்டுக்காரர் பிய்த்துத் தள்ளும்வரை காத்திருப்பார்கள். தாமி நல்ல துண்டாகப் பார்த்து அவர்கள் பக்கம் தள்ளுவார். என் பக்கம் எலும்பு வரும். சில நாள் எலும்பும் வராது.

கூஸ்கூஸ் எங்களுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. விருந்தாளிகளுக்கோ எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான். ரவையை உருட்டி, ஆவியில் வைத்து, கொட்டி, உதிர்த்து, வெண்ணெய் தடவி, மறுபடி ஆவியில் வைத்து... என் இடுப்பைக் கேட்டால் தெரியும். பூசணி, முள்ளங்கி, கொண்டைக்கடலை, மேலே வெங்காயமும் உலர்திராட்சையும் வதக்கிய இனிப்பு. எல்லாம் முடித்துத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு தடவையாவது ஒருத்தராவது "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

யாரும் சொன்னதில்லை. ஒருத்தர்கூட இல்லை. தட்டை வழித்துத் தின்றார்கள். கண்ணை மூடி மென்றார்கள். ஒரு போர்ச்சுகல்காரர் விரலை நக்கினதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் என் பக்கம் திரும்பினதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான். போகும்போது தாமியைச் சூழ்ந்துகொண்டு, "அற்புதமான நாள், உங்களை மாதிரி வழிகாட்டி உண்டா" என்று உருகுவார்கள். அவர் வில்லையை நிமிர்த்திவிட்டுக்கொள்வார்.

அதைவிட எரிச்சல் அவர்கள் பார்க்கிற பார்வை. உள்ளே நுழைந்ததும் எல்லாக் கண்ணும் என்மேல் வந்து நிற்கும். ஒரு சிரிப்பு. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். என்னமோ என்னைப் பற்றி முன்னாலேயே தெரிந்துகொண்டு வந்த மாதிரி. அப்படி என்ன சொல்லி அனுப்புகிறார் இந்த மனுஷன்? கேட்டால், "என்ன சொல்றது, வழக்கமானதுதான்" என்று செருப்பைத் தேடுவார். விருந்தாளிகளையே கேட்டிருக்கலாம், பள்ளியில் படித்த என் பிரெஞ்சு அவருடையதைவிட நல்லது. ஆனால், "சாப்பாடு எப்படி?" என்று ஃபெஸ்காரி எவளும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் பாராட்டா?

இதில் எண்ணெய் ஊற்ற என் ஓரகத்தி கென்ஸா இருந்தாள். தாமியின் தம்பி பெண்டாட்டி. அவள் புருஷனும் வழிகாட்டிதான், அவனும் ஆட்களைச் சாப்பிடக் கூட்டி வருவான். எங்கள் மொட்டைமாடிகளுக்கு நடுவே ஒரு குட்டைச் சுவர்தான். துணி காயப்போட வந்தால் அவளுக்கு வாய் ஓயாது.

"அக்கா, நேத்து வந்தவங்க என் கையைப் பிடிச்சு முத்தமே குடுத்துட்டாங்க. எப்படிப் பண்ணீங்கன்னு ஒரே தொல்லை. சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

"நீ பண்ற கூஸ்கூஸ் கட்டி கட்டியா இருக்குமே, அதை எப்படிப் பண்றதுன்னா கேட்டாங்க?"

"பேசுங்க, பேசுங்க. உங்க வீட்டுக்கு வர்றவங்க என்ன சொன்னாங்க?"

நான் துணியை உதறினேன்.

"ஒண்ணும் சொல்லலியா? பாவம். ஒண்ணு, சாப்பாடு சரியில்ல. இல்லேன்னா மச்சான் வாசல்லயே என்னமோ சொல்லி வச்சுடறார். 'என் பொண்டாட்டி சிடுமூஞ்சி, அவகிட்ட பேச்சு வச்சுக்காதீங்க'ன்னு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இருக்கும். அந்தச் சிரிப்பும் முழங்கை இடியும் வேறு எதற்கு? சிடுமூஞ்சி என்றோ, நோயாளி என்றோ, பைத்தியம் என்றோ சொல்லியிருக்கிறார். என்னை இந்த ஊரில் வேடிக்கைப் பொருளாக்கி வைத்திருக்கிறார். அந்தத் தேன் குரலில்!

மறுநாள் ரவையை முதல் ஆவியிலிருந்து இறக்கி உதிர்த்து மூடி வைத்தேன். என் அம்மாவின் பழைய சாம்பல் நிற அங்கியைப் போட்டு, தலைமூடியை இழுத்துவிட்டு, முகத்திரையைக் கண்ணுக்குக் கீழே கட்டினேன். இந்த ஊரில் அப்படி நாலு கிழவிகள் எப்போதும் வாசலோரம் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்றத்தெருவில் மூச்சு வாங்க ஏறி, நீல வாசலில் புதினாக்காரனின் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினேன். "கட்டு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வாங்காமலேயே இருந்தேன்.

தாமி வந்தார். ஒரு கூட்டம், ஆணும் பெண்ணுமாக. மஞ்சள் செருப்பைச் சேர்த்து வைத்து நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"பாலாக்னு சத்தம் கேட்டா யோசிக்காதீங்க, சுவரோட ஒட்டிக்குங்க. கழுதைக்கு மரியாதை தெரியாது. முகத்தைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. மாட்டேன்னா மாட்டேன்தான், சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. மசூதி வாசல்ல நின்னு பார்க்கலாம், நம்ம மார்க்கம் இல்லாதவங்க உள்ள கால் வைக்கக் கூடாது. வாங்கற எண்ணம் இல்லேன்னா விலை பேசாதீங்க, பேசி அவன் ஒத்துக்கிட்டா வாங்காம வர்றது அசிங்கம். 'இந்த வழி அடைச்சிருக்கு'ன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, அவங்க மாமா கம்பளக்கடைக்கு வழி திறந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு வேடிக்கையாகப் பேசத் தெரிந்த மனுஷன் வீட்டில் ஏன் ஊமையாக இருக்கிறார்?

"கீழ ரொட்டித்துண்டு கிடந்தா மிதிக்காதீங்க, எடுத்து ஓரமா வைங்க. டீ குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க, ஒரு வாயாவது குடிங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். கூட்டம் நெருங்கி வந்தது. நானும் புதினாவைத் தள்ளிவிட்டு நகர்ந்தேன்.

"கடைசியா ஒண்ணு. மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. மதியம் சாப்பாடு என் வீட்ல. அங்க என் மனைவி பத்தூல் இருப்பா."

வந்துவிட்டது, என்று பல்லைக் கடித்தேன்.

"அவ பண்ற கூஸ்கூஸ் மாதிரி இந்த ஊர்ல கிடையாது. எங்க அம்மா பண்ணினதும் அப்படி இல்ல, இதை அம்மா இருந்தப்பவே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். ரவையை அவ விரல்ல உதிர்க்கறப்ப பார்க்கணும். நான் பேப்பர் படிக்கற மாதிரி உட்கார்ந்துக்கிட்டுப் பார்ப்பேன். தட்டைத் தூக்கிட்டு முற்றத்துல வருவா, வெயில் அவ முகத்துல விழும். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுங்க. நல்லா இருக்குன்னோ, அழகுன்னோ, கெட்டிக்காரின்னோ ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது."

உயரமான ஒருவர் குறுக்கிட்டார். "எங்க ஊர்ல சொல்லாம இருந்தாத்தான் மரியாதை இல்ல."

"இங்க சொன்னா கண்ணு பட்டுடும். கல்யாணம் ஆன புதுசுல சொந்தக்காரி ஒருத்தி, 'அடேயப்பா, என்ன கை இது!'ன்னா. கண்ணு படாம இருக்க தபாரக்கல்லான்னு சேர்த்துச் சொல்லணும், அவ சொல்லல. அந்த வாரமே கொதிக்கிற சட்டி சரிஞ்சு அவ கையில கொட்டிடுச்சு. இன்னும் தழும்பு இருக்கு."

சட்டிக்கு அடி கோணல். மாற்றச் சொல்லி நான் எத்தனை தடவை சொன்னேன் என்று அவருக்கு நினைவில்லை, சொந்தக்காரியின் கண் மட்டும் நினைவிருக்கிறது.

"நாங்களும் அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிடறோமே" என்றாள் ஒரு பெண்.

"நீங்க முதல்ல 'ஆஹா'ம்பீங்க. அப்புறம் யோசிச்சு அந்த வார்த்தையைச் சொல்வீங்க. அதுக்குள்ள கண்ணு போய்ச் சேர்ந்துடும்."

"சரி. நீங்களாவது அவங்ககிட்ட சொல்வீங்கல்ல?"

"நானா?" தாமி சிரித்தார். நான் கேட்டிராத சிரிப்பு. "நான் சொல்லவே மாட்டேன். இருக்கறதுலயே என் கண்ணுதான் பொல்லாத கண்ணு. அவளை அதிகமா பார்க்கறது நான்தானே?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைத் தடவினாள். அழுகிறார்களாம்! என் புருஷன் என்னைப் பற்றிப் பேசுகிறார், இவர்கள் நின்று அழுகிறார்கள், எனக்கு இடம் புதினாக் குவியலுக்குப் பின்னால். எனக்குச் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். முகத்திரையைக் கழற்றிக்கொண்டு எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஏங்க! யாருக்கு வர வேண்டிய பேச்சு இது? இவங்க எனக்கு என்ன மாமியாரா, நாத்தனாரா?"

தாமியின் முகம் வெளுத்துவிட்டது. "பத்தூல்... அடுப்புல என்ன வச்சிட்டு வந்தே?"

"அடுப்புல உங்க தலை! என்னைப் பத்தி இவ்வளவு இருக்கு உங்ககிட்ட, ஒரு நாள் ஒரே ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?"

அந்த உயரமான மனிதர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், உடனே கையால் பொத்திக்கொண்டார். அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் வாயைப் பொத்திக்கொண்டது. புதினாக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சொல்லுங்க" என்றேன். "இப்ப இவங்களுக்குச் சொன்னதை என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன், அந்த வாசலில், ஊரே பார்க்க. அவர் என் தழும்புக் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ரவை ஆறிடும், வீட்டுக்குப் போ" என்றார். வீட்டுக் குரல்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? "இனிமே இந்த வாசல்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "சரி" என்றார்.

கோபத்தில் பெண்டாட்டி சொல்வதை எவனாவது சட்டமாக எடுத்துக்கொள்வானா? இவர் எடுத்துக்கொண்டார். புதுச் சட்டி கேட்டால் மறப்பவர், திரைத்துணி கேட்டால் மறப்பவர், இதை மட்டும் மறக்கவில்லை. அன்று முதல் நீல வாசல் பேச்சு டீயோடு முடிந்துவிடுகிறது.

விளைவு என்ன? வருகிறவர்கள் என்னைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். "அருமை மதாம், அற்புதம் மதாம், இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லை." கென்ஸா குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து எல்லாவற்றையும் கேட்டு, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தாமி பாவம், ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் கதவுக்குப் பின்னால் போய், கண் கழிய படிகாரத்தை நெருப்பில் போட்டுப் புகை கிளப்புகிறார். வீடே இருமுகிறது. முதலில் எனக்கு மனசு குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்லவில்லை. பிறகு கவனித்தேன். அற்புதம் என்று அவர்கள் கழுதையைப் பார்த்தும் சொல்கிறார்கள். தோல் முக்காலியைப் பார்த்தும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயைக்கூட ஒருத்தி அற்புதம் என்றாள். முன்னால் வந்தவர்கள் நுழையும்போது என்மேல் ஒரு பார்வை விழுமே, அந்தப் பார்வை இப்போது இல்லை. இவர்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் திட்டாத நாள் இல்லை. "அந்த வாசல்ல பேசினதுல பாதியாவது வீட்ல பேசுங்களேன்" என்பேன். அவர் கதவைச் சாத்தப் போய்விடுவார்.

இந்த வசந்தத்தில் ஒரு கூட்டத்தோடு ஒடில் என்று ஒரு பிரெஞ்சுக்காரி வந்தாள். லியோன் நகரத்துக்காரி, நரைத்த தலை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்று குதிக்க, இவள் மட்டும் தன் பக்கத்துக் கூஸ்கூஸைத் துளி மிச்சமில்லாமல் உண்டு, என்னைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இவள் முன்னால் ஒரு தடவை வந்தவள். அந்த வாசலில் நின்று கேட்டவள்.

டீயை ஊற்றிவிட்டு அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நீ முன்னாடி வந்தப்ப வாசல்ல அவர் என்னைப் பத்திச் சொன்னாரே, என்ன சொன்னார்?"

அவள் கதவைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரே."

"நான்தான் கேக்கறேன்ல? சொல்லு."

எனக்கு என்ன வரும் என்று தெரியும். ரவை, விரல், முற்றத்து வெயில். மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"சாயங்காலம் மாடியில துணி எடுக்கறப்ப நீங்க பாடுவீங்களாம்" என்றாள் ஒடில். "வேலை முடிஞ்சு வந்ததும் அவர் கதவைத் தட்ட மாட்டாராம். சந்துல நின்னு முழுப் பாட்டையும் கேட்டுட்டுத்தான் தட்டுவாராம். உள்ள வந்துட்டா நீங்க நிறுத்திடுவீங்களாம். 'என் கால் வலிக்கு ஊர்ல மருந்து இருக்கு, ஆனா வலி தீர நான் போய் நிக்கறது அந்தச் சந்துலதான்'னு சொன்னார். என் வீட்டுக்காரர் அப்ப உயிரோட இருந்தார். திரும்பிப் போற வரைக்கும் அதையே பேசிக்கிட்டு வந்தோம்."

நான் கேட்டதில் பாட்டு இல்லை. சந்து இல்லை. அப்படியென்றால் ஒரே பேச்சை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கவில்லை அவர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு சொல்லியிருக்கிறார். இத்தனை காலமும், தினமும், எங்கெங்கோ இருந்து வந்தவர்களுக்கு. அந்த உயரமான மனிதருக்கு என் விரலைப் பற்றித் தெரியும். பெல்ஜியத்துக் கிழவிக்கு எதைப் பற்றித் தெரியுமோ! அவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இனி வருகிறவர்களுக்கும் அவர் சொல்லப் போவதில்லை, நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஒடில் போகும்போது என்னை இறுக அணைத்துக்கொண்டாள். நானும் அணைத்துக்கொண்டேன், ஒரு பை நிறைய பாதாம் பலகாரம் கட்டிக் கொடுத்தேன், வாசல்வரை போய்க் கையசைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.